கீமோ வேலை செய்யுதானு லைட் அடிச்சு பாக்குற மெஷின் இங்க எங்கயாச்சும் இருக்கா?

செம்பருத்தி_திருச்சி
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு போறவ, இப்பதான் முதல் போஸ்ட், நீளமா இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க பெரியம்மா பொண்ணுக்கு 43 வயசு. இடது மார்புல கட்டி, பயாப்சில கேன்சர்தான்னு வந்துடுச்சு. கட்டி பெருசா இருக்கு, முதல்ல கீமோ குடுத்து சுருக்கிட்டு அப்புறம் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார். போன வியாழக்கிழமை முதல் டோஸ் ஏறிடுச்சு, அந்த சிவப்பு மருந்து. அன்னிக்கு ராத்திரிலேர்ந்து அக்கா கேக்குறது ஒரே கேள்விதான், "இவ்ளோ வாந்தி எடுக்குறேனே, இது உள்ள ஏதாச்சும் வேலை செய்யுதா இல்லையானு எப்படி தெரியும்?" டாக்டர்கிட்ட கேட்டா கையால அமுக்கி பாத்துட்டு ரெண்டு மூணு சைக்கிள் போகட்டும், ஸ்கேன் எடுப்போம்ங்கறார். அவர் சொல்றது சரியாத்தான் இருக்கும், ஆனா அதுவரைக்கும் அவள வெச்சுட்டு நாங்க என்ன சொல்றது?

நான் நெட்ல தேடினப்ப கலிஃபோர்னியால லைட்டை மார்புமேல வெச்சு கீமோ குடுத்த மறுநாளே சொல்லிடறாங்கனு ஒரு செய்தி கண்ணுல பட்டுச்சு. நிஜமா? இங்க எங்கயாச்சும் எடுக்கறாங்களா?

இன்னொண்ணு, இதே வாரத்துல எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸாப்ல "கதிர்வீச்சே இல்லாத லைட் டெஸ்ட், மேமோகிராம் இனி தேவையில்லை"னு ஒரு கேம்ப் நோட்டீஸ் சுத்துது. ரெண்டும் ஒண்ணுதானா?

மதுரை_சேகர்
சிஸ்டர் கவலப்படாதீங்க. லைட் டெஸ்ட் சூப்பரா வேலை செய்யும். நானே ஆன்லைன்ல சிவப்பு லைட் டார்ச் ஒண்ணு வாங்கி வீட்டம்மாவுக்கு குடுத்திருக்கேன், இருட்டுல வெச்சு அடிச்சா நரம்பெல்லாம் பளிச்னு தெரியுது, கட்டி இருந்தா கருப்பா தெரியுமாம். எக்ஸ்ரேயில நசுக்கி நசுக்கி எடுத்து அதுலயே கேன்சர வரவைக்கிறாய்ங்க, இது ஒரு கார்ப்பரேட் வேலைங்க.

மாலா_ரேடியோ
சேகர் அண்ணா, கோவிச்சுக்காதீங்க, நான் 14 வருசமா கோயமுத்தூர்ல மேமோகிராம், அதான் மார்ப அமுக்கி எடுக்கற எக்ஸ்ரே, எடுக்கறவ, அதனால நீங்க சொன்ன 'நசுக்கறது' என் கையாலதான் நடக்குது. ரெண்டு பக்கமும் சேத்து நாலு படம் எடுத்தா சுமாரா 0.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வரும், சும்மா வீட்டுல இருந்தாலே மண்ணுலயும் வானத்துலயும் இருந்து ஏழு வாரத்துல நம்ம உடம்புக்கு வர்ற அளவு அது. இதுக்கு போயி கார்ப்பரேட்டுங்கறீங்க.

டார்ச் விஷயம்தான் எனக்கு வயித்த கலக்குதுங்க. போன வருசம் ஒரு அம்மா வந்தாங்க. ஒரு கேம்ப்ல கலர் கலரா படம் எடுத்து 'நார்மல்'னு பேப்பர் குடுத்துட்டாங்களாம், அத மடிச்சு பர்ஸ்லயே வெச்சிருந்தாங்க, எட்டு மாசம். நான் மிஷின்ல வெக்கறப்பவே கைக்கு தட்டுப்பட்டுது. கேம்ப் பேரெல்லாம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

கார்த்தி_போட்டான்
நான் இந்த ஃபீல்டுலதான் இருக்கேன், அமெரிக்கால ஒரு லேப்ல, அதனால கொஞ்சம் விளக்கமா எழுதுறேன், போர் அடிச்சா ஸ்க்ரோல் பண்ணிக்கங்க.

முதல்ல சேகர் அண்ணனோட டார்ச். இது புதுசே இல்ல. 1929-லயே நியூயார்க்ல மேக்ஸ் கட்லர்னு ஒரு சர்ஜன் மார்புக்கு அடியில விளக்க வெச்சு இருட்டு ரூம்ல மேலருந்து பாத்து எழுதி வெச்சிருக்கார். பல்பு சூடு தாங்க முடியாம தண்ணி ஓடவிட்டு ஆத்த வேண்டியிருந்துச்சு. அப்புறம் 80-கள்ல கேமராவெல்லாம் வெச்சு மறுபடி கிளப்பினாங்க, 1990-ல ஸ்வீடன்ல பல ஆஸ்பத்திரி சேந்து மேமோகிராமோட பக்கத்துல வெச்சு பாத்ததுல தோத்துடுச்சு, அத்தோட அந்தக் கதை படுத்துடுச்சு.

ஏன் தோத்துச்சுனு வீட்டுலயே பாக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர்ல பால் ஊத்துங்க, தண்ணி கலக்காம. ஒரு மிளக நூல்ல கட்டி உள்ள விடுங்க. பின்னாடி மொபைல் டார்ச்ச அடிங்க. மிளகு கண்ணாடிய ஒட்டி இருந்தா கருப்பு புள்ளியா தெரியும். நடுவுக்கு கொண்டு போனா காணாம போயிடும், டம்ளர் முழுக்க ஒரே வெள்ளையா ஒளிரும். வெளிச்சம் எங்கயும் போகல, வழிதான் மறந்துடுச்சு. நம்ம சதையும் இப்படித்தான், ஒளி உள்ள போன சுமாரா ஒரு மில்லிமீட்டர்லயே எந்தப் பக்கம் வந்தோம்ங்கறத மறந்துடும். அதான் டார்ச்ல தோலுக்கு கீழ இருக்குற நரம்பு பளிச்னு தெரியுது, நாலு செ.மீ ஆழத்துல இருக்குற கட்டி தெரியாது. நரம்பு தெரியறத பாத்துட்டு எல்லாமே தெரியுதுனு நினைக்கிறதுதான் ஆபத்து.

இப்ப அதே பால்ல பத்து சொட்டு டிகாஷன் விடுங்க. வெளிச்சம் மங்கும். இன்னும் பத்து விடுங்க, இன்னும் மங்கும். மிளகோட உருவம் போச்சு, ஆனா எவ்வளவு டிகாஷன் கலந்திருக்குனு வெளிச்சத்த வெச்சே சொல்லிடலாம் பாருங்க. அங்கதான் செம்பருத்தி மேடம் படிச்ச கலிஃபோர்னியா மேட்டர் வருது. டியூட்டி இருக்கு, மீதிய ராத்திரி எழுதுறேன்.

பட்டாணி
ஐயா அந்தப் பால அப்புறம் குடிக்கலாமா 😀

கார்த்தி_போட்டான்
@பட்டாணி மிளகும் டிகாஷனும் இருக்கு, சுக்கு மட்டும் போட்டுக்கங்க.

சரி மீதி. உடம்புல டிகாஷன் வேலை பாக்குறது ஹீமோகுளோபின். சிவப்பு தாண்டி கண்ணுக்கு தெரியாத பக்கத்து அகச்சிவப்பு, 650-லேர்ந்து 1000 நானோமீட்டர் வரைக்கும் ஒரு சன்னல் மாதிரி, அங்க ரத்தமும் தண்ணியும் ஒளிய கம்மியா குடிக்கும், அதனால சில செ.மீ உள்ள போயிட்டு வர முடியும். ஆக்ஸிஜன் ஏத்துன ஹீமோகுளோபின் ஒரு மாதிரி குடிக்கும், ஆக்ஸிஜன இறக்கிவிட்டது வேற மாதிரி குடிக்கும், அதுக்கு 760-கிட்ட ஒரு மேடு இருக்கு. கொழுப்புக்கு 930 பக்கம், தண்ணிக்கு 970 பக்கம். கொரோனா காலத்துல எல்லார் வீட்டுலயும் விரல்ல கிளிப் மாட்டினோமே, அது 660, 940னு ரெண்டே ரெண்டு கலர வெச்சு செய்யுற அதே கணக்குதான். 1974-ல ஜப்பான்ல டக்குவோ அவோயாகினு ஒரு இன்ஜினியர் கண்டுபிடிச்சது.

கலிஃபோர்னியா அர்வைன் பல்கலைக்கழகத்துல பெக்மேன் லேசர் இன்ஸ்டிட்யூட்னு இருக்கு. அங்க ப்ரூஸ் ட்ராம்பெர்க் குழு கைக்கு அடக்கமா ஒரு ப்ரோப் செஞ்சாங்க. வெறும் வெளிச்சம் மட்டும் அடிச்சா மங்கினது டிகாஷனாலயா பாலாலயானு தெரியாது, அதுக்காக லேசர செகண்டுக்கு 5 கோடிலேர்ந்து 50 கோடி தடவை வரைக்கும் மினுக்கி, திரும்பி வர்ற மினுக்கல் எவ்வளவு லேட்டாகுதுனு பாத்து ரெண்டையும் பிரிக்கிறாங்க. அதுலேர்ந்து ஆக்ஸிஜன் இருக்குற ரத்தம், இல்லாத ரத்தம், தண்ணி, கொழுப்புனு நாலு நம்பர் கிடைக்கும். கட்டில ரத்தமும் தண்ணியும் ஜாஸ்தி, கொழுப்பு கம்மி. ஆக்ஸிஜன் இல்லாத ரத்தத்த தண்ணியால பெருக்கி கொழுப்பால வகுத்தா ஒரு எண் வரும், கட்டி இருக்குற எடத்துல அது தூக்கலா நிக்கும். கீமோ வேலை செஞ்சா இறங்கும்.

'மறுநாளே'ங்கறது 2011-ல வந்த ஆய்வு, 23 பெண்கள். மருந்து ஏறின மறுநாள், மருந்துக்கு கேட்குற கட்டிகள்ல ஆக்ஸிஜன் ரத்தம் குபீர்னு ஏறுச்சு, கேட்காத கட்டிகள்ல ஏறல. படிச்சப்ப எனக்கே புல்லரிச்சுது. ஆனா 23 பேர்தான், அத மறந்துடாதீங்க. அடுத்து அமெரிக்கால பல சென்டர்ல சேந்து பண்ணி 2016-ல வெளியிட்டதுல கடைசியில கணக்குக்கு தேறினவங்க 34 பேர், அதுலயும் ஆரம்பத்துலயே ஆக்ஸிஜன் நல்லா இருந்த கட்டிகள்லதான் கணிப்பு உருப்படியா வந்துச்சு, எல்லாரையும் சேத்து பாத்தா சுமார்தான். நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல வேற மாதிரி மெஷின், 2018-ல அவங்களும் 34 பேர், ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியுதுனாங்க.

அதனால செம்பருத்தி மேடம், நேரா சொல்றேன், இது எந்த நாட்டுலயும் வழக்கமான டெஸ்ட் இல்ல, ஆராய்ச்சியாத்தான் நடக்குது. அக்காவோட டாக்டர் உங்ககிட்ட எதையும் மறைக்கல.

மதுரை_சேகர்
ப்ரோ அப்ப 100 வருசமா இதையே ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காய்ங்களா 😅 கீமோ வேலை செய்யுதானு நம்பர் குடுக்குற மெஷினுக்கு கட்டி இருக்கா இல்லையானு சொல்றது என்ன பெரிய விஷயம்? எனக்கு இந்த லாஜிக் புரியல.

கார்த்தி_போட்டான்
அண்ணே, இந்த இழையிலயே நல்ல கேள்வி இதுதான்.

மார்புல இருக்குற ரத்தம், தண்ணி, கொழுப்பு அளவு ஆளுக்கு ஆள் பயங்கரமா மாறும். வயசுக்கு மாறும், வெயிட்டுக்கு மாறும், அதே பொண்ணுக்கு மாசத்துல எந்த நாள்ங்கறதுக்கும் மாறும். கட்டில சராசரியா ஒன்றரை ரெண்டு மடங்கு ரத்தம் இருக்கும்னு வைங்க, முன்னபின்ன தெரியாத ஒருத்தங்க உடம்புல ஒரு எடத்துல கொஞ்சம் தூக்கலா இருந்தா அது கேன்சரா, வெறும் சுரப்பித் திசுவா, மாதவிலக்கு நெருங்குதா? சொல்ல முடியாது. சின்ன கட்டினா, அஞ்சு பத்து மி.மீ-க்கு கீழ எல்லாமே கலங்கிடும்.

கீமோல அப்படி இல்ல. கட்டி எங்க இருக்குனு முன்னாடியே தெரியும். அதே ஆளு, அதே எடம், போன வாரம் என்ன நம்பர், இந்த வாரம் என்ன நம்பர். பக்கத்துலயே இன்னொரு மார்பு ஒப்பிட்டு பாக்க இருக்கு. அவங்களே அவங்களுக்கு தராசு. ஒரு ஊர் ஜனத்துல யாருக்கு காய்ச்சல்னு முகத்த பாத்து சொல்றது வேற, காய்ச்சல்னு படுத்திருக்குற புள்ளைக்கு இறங்குதானு அம்மா தொட்டு சொல்றது வேற.

மாலா_ரேடியோ
இத்தோட நான் ஒண்ணு சேத்துக்கறேனுங்க. மேமோகிராம்ல நாங்க தேடறதுல பாதி கட்டியே இல்ல, சுண்ணாம்பு துகள், கால் மி.மீ அரை மி.மீ, உப்புத்தூள் சிந்துன மாதிரி கொத்தா இருக்கும். பால்குழாய்க்குள்ளயே நிக்கற ஆரம்ப நிலை நிறைய பேருக்கு அப்படித்தான் கண்ணுல படும். லைட்டுக்கு அது தெரியவே தெரியாது. அதே சமயம் மேமோகிராமும் கடவுள் இல்லீங்க, அடர்த்தியான மார்புல வெள்ளைக்குள்ள வெள்ளைய தேடற மாதிரி, 40 வயசு பொண்ணுங்களுக்கு பாதிநேரம் அல்ட்ராசவுண்டும் சேத்துத்தான் பாக்கறோம். நம்மூர்ல இந்த நோய் வெளிநாட்ட விட சின்ன வயசுலயே வர்றதால இது நமக்கு பெரிய தலைவலி.

அப்புறம் அந்த வாட்ஸாப் நோட்டீஸ். செம்பருத்தி, அதுல 'வெப்பம்' 'தெர்மல்'னு எங்கயாச்சும் போட்டிருக்கா பாருங்க.

செம்பருத்தி_திருச்சி
இப்பதான் பாத்தேன் மேடம், ஆமா, கீழ சின்ன எழுத்துல "தெர்மல் இன்ஃப்ராரெட்"னு இருக்கு. அப்ப அது லைட் இல்லையா??

மாலா_ரேடியோ
அதுல லைட் உள்ள போறதே இல்லீங்க. தோல்ல இருந்து வெளிய வர்ற சூட்ட கேமரா படம் பிடிக்குது. கார்த்தி தம்பி சொல்றது வெளிச்சத்த உள்ள அனுப்பி வாங்கறது. ரெண்டுக்கும் இன்ஃப்ராரெட்னு ஒரே பேர சொல்லி குழப்பறாங்க. மேமோகிராமுக்கு பதிலா தெர்மோகிராம் எடுக்காதீங்கனு அமெரிக்க எஃப்.டி.ஏ, அதான் மருந்து, கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்கற அரசு அமைப்பு, பல தடவை எச்சரிச்சிருக்கு.

மிஷினே வேண்டாம்னா பயிற்சி எடுத்த கை இருக்குங்க. மும்பைல டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காரங்க ஒன்றரை லட்சம் பொண்ணுங்கள 20 வருசம் பின்தொடர்ந்தாங்க. ஒரு குழுவுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா சுகாதாரப் பணியாளர் பொண்ணுங்க கையாலயே தடவி பாத்தாங்க, மிஷின் ஒண்ணும் இல்ல. 50 தாண்டினவங்கள்ல மார்புப் புற்றுநோய் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சுதுனு 2021-ல வந்துச்சு. சின்ன வயசுக்காரங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல, அதையும் சொல்லிடறேன். அந்த கேம்ப்ல கலர் படம் எடுக்கற காசுக்கு ஒரு நர்சம்மாவ உக்கார வெக்கலாம்.

மட்டுறுத்துநர்
இடையில் ஒருவர் போட்ட டார்ச் விற்பனை லிங்க் நீக்கப்பட்டது. சேகர் அல்ல, வேறு ஆள். இழை நல்லாப் போகுது, தொடருங்கள்.

வாணி_ரொறன்ரோ
வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். செம்பருத்தி தங்கச்சி, உங்கட அக்கா மாதிரித்தான் எனக்கும் முதல் கீமோ, பிறகு ஒப்பரேஷன். 2019இல. அப்ப ஆஸ்பத்திரியில ஒரு லைற் ஆராய்ச்சிக்கு வருவியளோ எண்டு கேட்டவை, ஓமெண்டு சொன்னன்.

எப்பிடி இருக்கும் எண்டு சொல்லுறன். சாய்கதிரையில படுக்க விடுவினம். ஒரு பிள்ளை வந்து மார்பில பேனையால ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியா வைச்சுக்கொண்டு போவா, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி, எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகு லைற்றை நூத்துப்போட்டு ஒரு சின்னப் பெட்டியை, கடையில விலை பார்க்கிற மெஷின் மாதிரி, ஒவ்வொரு புள்ளியிலயும் மெல்லமா வைச்சு வைச்சு எடுப்பா. நோ இல்லை, சூடும் இல்லை. ஒரு புள்ளிக்குக் கொஞ்ச செக்கன்தான், ஆனா புள்ளி கன இருக்கிறபடியால் அரை மணித்தியாலம் போயிடும். பிறகு மற்றப் பக்கமும். கீமோவுக்கு முதல் ஒருக்கா, ஒரு கிழமையால ஒருக்கா, நாலாம் கிழமை, எட்டாம் கிழமை எண்டு போனனான்.

ஒவ்வொரு முறையும் கேப்பன், "பிள்ளை, குறைஞ்சிருக்கோ?" அவ சிரிச்சுப்போட்டு "சொல்ல ஏலாது அன்ரி, டொக்டருக்கே நாங்கள் குடுக்கிறேல்லை" எண்டுவா. ஆராய்ச்சிச் சட்டம் அப்பிடியாம், லைற்றின்ர கணக்கைப் பாத்து ஆரும் மருந்தை மாத்தக்கூடாதாம். எனக்கு அது சரியான எரிச்சல். என்ர உடம்பு, என்ர நம்பர். இண்டைக்கு வரைக்கும் எனக்கு அது தெரியாது. ஒப்பரேஷன் முடிஞ்சு பத்தோலஜி, வெட்டி எடுத்ததைச் சோதிக்கிற, ரிப்போட்டிலதான் மிச்சம் ஒண்டுமில்லை எண்டு தெரிஞ்சது.

செம்பருத்தி_திருச்சி
வாணி அக்கா, உங்க போஸ்ட்ட அப்படியே எங்க அக்காவுக்கு வாசிச்சு காட்டினேன். "மிச்சம் ஒண்ணுமில்ல"ங்கற எடத்த மட்டும் ரெண்டு தடவை படிக்க சொன்னா.

கார்த்தி_போட்டான்
வாணி அக்கா சொன்ன எரிச்சல் நியாயமானதுதான், ஆனா ரூல் ஏன் அப்படினா, அந்த நம்பர் தப்பா இருந்து நல்லா கேட்டுட்டு இருக்குற மருந்த நிறுத்திட்டா? அத நிரூபிக்கத்தானே ஆய்வே.

அதோட எல்லா கட்டியும் ஒரே ஜாதி இல்ல. ஹெர்2, ட்ரிபிள் நெகட்டிவ் வகைல கீமோல முழுசா கரையறது அதிகம், ஹார்மோன் பாசிட்டிவ்ல (ஹார்மோனால வளர்ற வகை) கம்மி, ஆனா கரையலன்னா மோசம்னு அர்த்தம் இல்ல, அவங்களுக்கு பின்னாடி ஹார்மோன் மாத்திரை இருக்கு. ஜெர்மனில கெபார்ட்ரியோனு பெரிய ட்ரையல் நடந்துச்சு, ரெண்டு சைக்கிள் முடிஞ்சதும் அல்ட்ராசவுண்டுல பாத்து, சுருங்காதவங்களுக்கு மருந்த மாத்தினதுல நோய் திரும்பாம இருந்த காலம் கூடுச்சு. அதாவது உங்க டாக்டர் சொன்ன அதே 'ரெண்டு சைக்கிள் போகட்டும்'. லேசர் ஆளு நானே சொல்றேன், இப்போதைக்கு நல்ல அல்ட்ராசவுண்டு போதும், அத வெச்சுத்தான் பாக்கணும்.

ஒளி எங்கதான் ஆஸ்பத்திரிக்குள்ள வந்திருக்குனு கேட்டா, ரெண்டு எடம் சொல்லலாம். ஒண்ணு, லேசர் துடிப்ப அனுப்புறது, அத ரத்தம் குடிச்சு துளியூண்டு சூடாகி விரியுறப்ப வர்ற சத்தத்த அல்ட்ராசவுண்டு மைக்ல கேக்குறது. சத்தம் பால்ல வழி மறக்காது, அதனால உருவமும் கிடைக்கும். டெக்சாஸ் செனோ மெடிக்கலோட இமேஜியோ கருவிக்கு 2021 ஜனவரில எஃப்.டி.ஏ அனுமதி குடுத்துச்சு, ஏற்கனவே சந்தேகமா இருக்குற கட்டிய எடை போட மட்டும், ஒண்ணும் தெரியாதவங்ககிட்ட புதுசா தேடுற ஸ்க்ரீனிங்குக்கு இல்ல. இன்னொண்ணு ஆபரேஷன் டேபிள்ல: லூமிசைட்னு ஒரு மருந்த முன்னாடியே நரம்புல ஏத்திட்டு, கட்டிய எடுத்த குழிக்குள்ள சின்ன கேமரா விட்டு மிச்சம் ஒளிருதானு பாக்குறாங்க, 2024 ஏப்ரல்ல அனுமதி வந்துச்சு. சிலருக்கு கடுமையான அலர்ஜி வரும்னு எச்சரிக்கையும் ஒட்டியிருக்கு.

பட்டாணி
சீரியஸா ஒண்ணு கேக்குறேன். விரல் கிளிப் கருப்பு தோலுக்கு தப்பா காட்டுதுனு படிச்சேனே, அப்ப இந்த மெஷினெல்லாம் நம்ம கலருக்கு?

கார்த்தி_போட்டான்
வெள்ளையா சொல்லணும்னா (சாரி), எங்க ஃபீல்டுல இது வெட்கப்பட வேண்டிய விஷயம். மெலனினும் ஒளிய குடிக்கும். 2020-ல அமெரிக்கால பாத்தப்ப, கிளிப் நல்லா இருக்குனு காட்டியும் நிஜத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சிருந்தது கருப்பின நோயாளிகள்ல வெள்ளையர விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. அந்த மேல் தோல கணக்குல கழிக்கணும், ஆய்வுல எல்லா நிறத்து பெண்களும் இருக்கணும். நான் சிலிக்கான்ல பொய் மார்பு வார்த்து டெஸ்ட் பண்றவன், வெள்ளைப் பவுடரும் மையும் கலந்து. மேல கருப்பு லேயர் போட்டு பாருங்கனு மீட்டிங்ல சொல்லி சொல்லி இப்பதான் எங்க லேப்ல அத வழக்கமா பண்றாங்க.

மாலா_ரேடியோ
செம்பருத்தி, ஒரு விஷயம் மறந்தே போச்சு, அவசரம். கட்டிக்குள்ள கிளிப் வெச்சாங்களானு கேளுங்க. எள்ளு அளவு உலோகத் துண்டு. கீமோல கட்டி கரைஞ்சு போயிட்டா ஆபரேஷன் அன்னிக்கு எந்த எடம்னே தெரியாம நிப்பாங்க. எனக்கே ரெண்டு மூணு தடவை, படத்துல ஒண்ணுமே இல்ல, சர்ஜன் போன் மேல போன். கட்டி தெரியறப்பவே வெச்சுடணும்.

செம்பருத்தி_திருச்சி
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கவும். கிளிப் வெக்கலயாம், கேட்டதும் டாக்டர் "நல்லவேளை கேட்டீங்க, அடுத்த டோஸுக்கு முன்னாடி வெச்சுடலாம்"னு அல்ட்ராசவுண்டு பாத்து வெச்சுட்டார். அப்ப அளந்ததுல கட்டி 46-லேர்ந்து 41 மி.மீ. அஞ்சு மி.மீ பெருசா எடுத்துக்க வேணாம், ரெண்டாவது முடியட்டும்னார். அக்கா எடுத்துக்கிட்டா.

மாலா மேடம், கேக்கவே கூச்சமா இருக்கு, அவ கேக்க சொன்னா. அவங்க பையன் சிங்கப்பூர்ல இருக்கான், எல்லாம் முடிஞ்சதும் போகணும்ங்கறா. ஏர்போர்ட்ல அந்த கிளிப்பு பீப் அடிக்குமா?

மாலா_ரேடியோ
அடிக்காதுங்க. டிக்கெட் போட சொல்லுங்க.